சோறு போடும் பக்கம்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குச் செவிலியர் படிப்பில் இடம் கிடைத்த செய்தியைப் படித்துக் காட்டியதும், அம்மா அன்று மாலையே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போய்க் குழந்தையின் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வரச் சொன்னார், செய்தாயிற்று. அதே கடிதத்தில், ஓசூர்த் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு என்னைப் போலப் பயண வலைப்பதிவு நடத்திப் பிழைக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறாய். ஊரிசு கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே உனக்கு ஊர் சுற்றும் கிறுக்கு உண்டு என்பதையும், உன் எழுத்து என் எழுத்தைவிட நன்றாக இருக்கும் என்பதையும் நான் அறிவேன். ஆனால் நீ கேட்டிருப்பது பிழைப்பைப் பற்றி என்பதால், பணம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். வீட்டு வரவு செலவைப் பார்ப்பவர் தங்கை கோமதிதான் என்பதால், இந்தக் கடிதத்தை அவரிடமும் கொடு.

முதல் வருமானம் விளம்பரம். நம் பக்கத்தில் விளம்பரம் காட்டி அதற்குப் பங்கு தரும் கூகுளின் ஆட்சென்ஸ் திட்டம் 2003இலேயே வந்துவிட்டாலும், தமிழ்ப் பக்கங்களுக்கு அது 2018 பிப்ரவரியில்தான் திறந்தது. அதற்கு முன் தமிழில் எழுதியவர்கள் எல்லோரும் ஆசைக்காக எழுதியவர்களே. கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும், நாம் கொடுத்த முகவரி உண்மையா என்று சோதிக்க, ரகசிய எண் அச்சிட்ட கடிதம் ஒன்று சாதாரணத் தபாலில் வீட்டுக்கு வரும். அதிலுள்ள எண்ணைக் கணக்கில் பதிந்தால்தான் பணம் நகரும். முழுக்க முழுக்கக் கணினியிலேயே நடக்கும் தொழிலில், எங்கள் தெருத் தபால்காரர் வந்தாரா என்று வாசலைப் பார்த்துக் கொண்டிருந்தது இன்றும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. பிறகு நூறு டாலர் சேரும் வரை ஒன்றும் வராது. சேர்ந்துவிட்டால், ஒரு மாத வருமானம் அடுத்த மாதம் 21ஆம் தேதிக்கு மேல் அனுப்பப்படும். வெளிநாட்டிலிருந்து முதன்முதலாகப் பணம் வந்தபோது, எதற்காக வருகிறது என்று வங்கியில் விசாரித்தார்கள். ஊர்களைப் பற்றி எழுதியதற்காக என்று சொன்னதை அங்கிருந்தவர் நம்பியதாகத் தெரியவில்லை.

இதில் நீ புரிந்துகொள்ள வேண்டியது, எத்தனை பேர் படித்தார்கள் என்பதைவிட யார் படித்தார்கள் என்பதே வருமானத்தைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு முறை பக்கம் திறக்கப்படும்போதும் அந்த இடத்துக்கு விளம்பரதாரர்கள் ஏலம் கேட்கிறார்கள். அமெரிக்காவில் உட்கார்ந்து இந்தியப் பயணத்துக்குத் திட்டமிடுபவர் ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தால் ஏலம் ஏறுகிறது. திருப்பத்தூரில் உட்கார்ந்து ஒருவர் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கேட்க ஆள் குறைவு. அதனால் ஒரே ஊரைப் பற்றி நான் தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக எழுதுகிறேன். முன்னதில் கல்வெட்டும் கதையும் இருக்கும், பின்னதில் வழியும் விலையும் இருக்கும்.

இரண்டாவது வருமானம் தரகு. நம் பக்கத்தின் வழியாகப் போய் ஒருவர் விடுதி அறை பதிவு செய்தாலோ, முதுகுப்பை வாங்கினாலோ, விற்ற நிறுவனம் நமக்கு ஒரு பங்கு தருகிறது. அறைக்கான தரகு, அவர் தங்கிவிட்டுப் போன பிறகுதான் கணக்கில் ஏறும். பதிவை ரத்து செய்துவிட்டால் ஒன்றும் கிடையாது. அமேசானில் நம் இணைப்பைத் தொட்டு 24 மணி நேரத்துக்குள் பொருளைக் கூடையில் சேர்க்க வேண்டும். வீட்டில் கலந்து பேசி நாளை மறுநாள் வாங்கினால் நமக்கு நாமம்தான். நம்மவர்கள் கலந்து பேசாமல் எதை வாங்குகிறார்கள்?

இனி, எந்தப் பக்கம் சோறு போடுகிறது என்பதைச் சொல்கிறேன். நான் மனம் ஒன்றி எழுதியது மகேந்திரவாடியைப் பற்றி. அரக்கோணம் - காட்பாடி ரயில் பாதையிலேயே அந்தப் பெயரில் ஒரு நிலையம் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் ஒற்றைப் பாறையைக் குடைந்து திருமாலுக்கு எடுத்த கோயில் அங்கே இருக்கிறது. தான் வெட்டிய ஏரிக்கும் தன் பெயரையே வைத்ததை அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. விரிஞ்சிபுரம் கோயிலில் உள்ள மணி காட்டும் கல்லைப் பற்றியும் அதே அக்கறையோடு எழுதினேன். பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் அதன் நிழல் எண்ணின் மேல் விழுந்து நேரத்தைச் சொல்லும். மதிலழகைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுபவர்கள் இந்தக் கல்லைத் தவறவிடுகிறார்கள். இந்த இரண்டையும் படித்தவர்கள் கடைசி வரி வரை படித்தார்கள், நெகிழ்ந்து கடிதமும் போட்டார்கள். ஆனால் அவர்களில் யாரும் எதையும் வாங்கப் போவதில்லை என்பது விளம்பரதாரருக்குத் தெரியும். அந்தப் பக்கங்களின் வருமானத்தில் அவற்றுக்காகச் சென்று வந்த பேருந்துக் கட்டணம்கூடத் தேறவில்லை.

என் குடும்பத்துக்குச் சோறு போட்டது வேறொரு பக்கம்: காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கி சி.எம்.சி. மருத்துவமனைக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது என்ற ஆங்கிலப் பக்கம். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளியோடு வருபவர்கள், மொழி தெரியாத ஊரில் இரவு நேரத்தில் ரயிலை விட்டு இறங்குகிறார்கள். பாபு ராவ் தெருவிலும் காந்தி ரோட்டிலும் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகளும், மீன் குழம்புச் சாப்பாட்டுக் கடைகளும், சமைத்துக்கொள்ள வசதியுள்ள அறைகளும் இருப்பது உனக்குத் தெரியும். நான் அந்தத் தெருக்களில் விடுதி விடுதியாக ஏறி இறங்கினேன். லிஃப்ட் இருக்கிறதா, இருந்தால் மின்சாரம் நிற்கும்போது அது ஓடுமா, வெந்நீர் எத்தனை மணி வரை வரும், அடுப்பு வைக்க விடுவார்களா, தெருவிலிருந்து வரவேற்பு மேசைக்குப் போக எத்தனை படி என்று கேட்டும் பார்த்தும் எழுதினேன். ஒரு விடுதியில் படியை எண்ணிக்கொண்டிருந்தபோது, மேற்கு வங்காளத்து மால்டாவிலிருந்து கணவரை அழைத்து வந்திருந்த ஒரு அம்மாள், அதே படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு நறுக்கியபடி, சக்கர நாற்காலியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும் என்பதையும் எழுதுமாறு அரைகுறை இந்தியில் சொன்னார். எழுதினேன். 2022இல் ரத்தினகிரி அருகே சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் திறந்த பிறகு, மருத்துவச் சீட்டில் எந்த வளாகம் என்று பார்த்துவிட்டு அறை பிடியுங்கள் என்ற வரியை முதல் பத்தியிலேயே சேர்த்தேன். அந்த ஒரு வரிக்காக எனக்கு வந்த நன்றிக் கடிதங்கள், பல்லவனுக்காக வந்தவற்றைவிட அதிகம்.

அந்தப் பக்கத்தில் விடுதித் தரகு இணைப்புகளை மட்டும் நான் வைக்கவில்லை. வைத்தால் வருமானம் இன்னும் ஏறும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தரகு தருபவை பதிவுத் தளங்களில் இருக்கும் பெரிய விடுதிகள். மாதக்கணக்கில் சிகிச்சைக்காகத் தங்க வேண்டிய குடும்பம் தேடுவதோ, எந்தத் தளத்திலும் இல்லாத, தொலைபேசியில் மட்டும் பேசக்கூடிய சிறிய விடுதியை. தரகு உள்ளே வந்தால் பட்டியலின் வரிசை நம் கையை மீறி மாறிவிடும். விளம்பரத்திலும் ஒரு தொல்லை உண்டு: புற்றுநோயை வேரோடு தீர்க்கும் சூரணம் என்பது போன்றவை நோயைப் பற்றிய பக்கங்களைத் தேடி வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஆட்சென்ஸ் அமைப்பில் அந்த வகைகளை ஒவ்வொன்றாகத் தடுக்கலாம்; பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி வரும்போது மறுபடி தடுக்க வேண்டும். இது என் காலை வேலைகளில் ஒன்று.

இலவச உபசாரத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஏலகிரி போன்ற இடங்களிலிருந்து, தங்க வாருங்கள், நல்லபடியாக எழுதுங்கள் என்று அழைப்பு வருவது உண்டு. அப்படித் தங்கி எழுதினால் அது விளம்பரம் என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று விளம்பரத் தர நிர்ணய அமைப்பு 2021இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. ஒரே இடத்திலிருந்து பெறும் இத்தகைய சலுகைகளின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால், 10 சதவீதம் வரிப்பிடித்தம் செய்ய வேண்டும் என்ற விதியும் 2022 ஜூலையில் வந்தது. விதிகள் இருக்கட்டும், இலவசமாகப் படுத்து எழுந்த கட்டிலில் மூட்டைப்பூச்சி இருந்ததை எழுதக் கை வராது. அறைக்கு நானே பணம் கொடுத்துவிடுகிறேன். ஆம்பூரில் பிரியாணியும் கத்திரிக்காய்க் கூட்டும் வாங்கிக் கொடுத்தால் மட்டும் மறுப்பதில்லை, அதைப் பற்றி எழுதுவதும் இல்லை.

இப்போது கசப்பான பகுதி. இந்தத் தொழிலில் வருமானத்தின் கயிறு நம் கையில் இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ரயில்கள் நின்றதும், பயணம் பற்றித் தேடுவோரே இல்லாமல் போனார்கள். அந்த மாதங்களில் என் மனைவியின் தையல் வருமானத்தில்தான் வீடு ஓடியது. 2023 செப்டம்பரில் கூகுள் தன் தேடல் முறையில் செய்த மாற்றத்துக்குப் பிறகு, உலகெங்கும் தனி ஆட்கள் நடத்திய பயணத் தளங்கள் பல, வாசகர்களைப் பெருமளவில் இழந்தன. 2024 ஆகஸ்ட்டில் செயற்கை அறிவு தொகுத்துத் தரும் பதில்கள் இந்தியத் தேடலிலும் வந்தன. காட்பாடியிலிருந்து ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால், தேடல் பக்கத்தின் உச்சியிலேயே பதில் வந்துவிடுகிறது. என் போன்றவர்கள் எழுதியதிலிருந்துதான் அது எடுக்கப்பட்டிருக்கும், ஆனால் கேட்டவர் எங்கள் பக்கத்துக்கு வருவதில்லை. வராதவருக்கு விளம்பரம் இல்லை. தூரம், நேரம், கட்டணம் என்று எழுதிச் சம்பாதித்த காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்பதே என் கணிப்பு. படிகளின் எண்ணிக்கையும் மின்சாரம் நின்றால் லிஃப்ட் என்னவாகும் என்பதும் போல, நேரில் போனவனுக்கு மட்டுமே தெரிந்த செய்திகளுக்குத்தான் இன்னும் ஆட்கள் வருகிறார்கள். அவையும் ஆண்டுக்கு ஒருமுறை பழசாகிவிடும், மறுபடி நடந்து பார்க்க வேண்டும்.

விளம்பர வருமானம் இறங்கியதை ஈடுகட்ட, ஞாயிற்றுக்கிழமைகளில் சிறு குழுக்களைக் கோட்டைக்கு அழைத்துப் போகிறேன். 1806 ஜூலை 10 விடியலில் சிப்பாய்கள் எழுந்த இடத்தையும், சுமார் நானூறு ஆண்டுகள் மூலவர் இல்லாதிருந்து 1981இல் மீண்டும் பிரதிஷ்டை கண்ட ஜலகண்டேஸ்வரர் கருவறையையும் நடந்தே காட்டுகிறேன். 'சாமியில்லாக் கோயில், நீரில்லா ஆறு' என்ற நம் ஊர்ப் பழைய கேலியில் முதலாவது எப்படிப் பொய்யானது என்று சொன்னால் சென்னைக்காரர்கள் மிகவும் ரசிக்கிறார்கள். அவர்கள் என் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள், ஆனால் பணம் நடைக்குத்தான் தருகிறார்கள். இன்றைய நிலையில் என் வீட்டு வருமானத்தில் பெரும்பங்கு இதிலிருந்து வருகிறது.

ஆகவே, வேலையை இப்போது விடாதே. ஆனால் எழுதத் தொடங்கு. இடத்தைப் பொறுத்தவரை உனக்கு என்னைவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. சனிக்கிழமை காலையில் பெங்களூருவிலிருந்து காரில் கிளம்பும் குடும்பங்கள் உன் வாசல் வழியாகத்தான் போகின்றன; செலவு செய்யத் தயாராக, ஒரே நாளில் திரும்பிவிடும்படியான இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும் வாசகர்கள் அவர்கள். ராயக்கோட்டை மலைக்கோட்டையை எடுத்துக்கொள். 1791இல் ஆங்கிலேயர் திப்புவிடமிருந்து பிடித்த கதை எல்லா இடத்திலும் கிடைக்கும். காரை எங்கே நிறுத்துவது, ஏறத் தொடங்கும் இடம் எது, வழியில் நிழல் எங்கே, முழங்கால் வலி உள்ள மாமியார் எந்த இடம் வரை வரலாம், இறங்கி வந்ததும் கழிப்பறை எங்கே, சாப்பாடு எங்கே என்பதெல்லாம் போய்ப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஆங்கிலத்தில் எழுது, கூடவே கன்னடத்திலும் ஒரு பக்கம் போடு. உனக்கு அந்த மொழி வீட்டு மொழி போலத்தானே. கிருஷ்ணகிரி மாவட்ட நடுகற்களைப் பற்றி உனக்கு உள்ள ஆசையைத் தமிழில் தனியாக எழுது, அதிலிருந்து காசை எதிர்பார்க்காதே.

வரவு எவ்வளவு சிறியதானாலும் முதல் நாளிலிருந்தே கணக்கு எழுதி வை. ஆடிட்டர் கேட்கும்போது தேட வேண்டியிருக்காது. சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாக ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான் வருகிறது. நமக்கு அந்தக் கவலை வந்தால் நல்லதே.

ஆயுத பூஜை விடுமுறையில் குடும்பத்தோடு வா. அதற்குள் ராயக்கோட்டைப் பக்கத்தை எழுதி முடித்து எடுத்து வா, உட்கார்ந்து வெட்டித் திருத்தலாம். படங்களில் மலையுச்சிக் காட்சி ஒன்று போதும். வண்டி நிறுத்துமிடத்தையும் ஏறும் வழியின் முதல் படியையும் மறக்காமல் எடு.

அன்புடன்,
சேகர்