லோடில் புகை வரவில்லையே என்று கேட்பவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சாலை போட நாங்கள் அனுப்பும் தார்-ஜல்லிக் கலவையைப் பற்றிச் சில மாதங்களாக எங்களுக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "லோடு வந்துடுச்சு, ஆனா புகையே இல்லையே. ஆறிப்போன கலவையை அனுப்பிட்டீங்களா?"

ஆறிப்போனதை அனுப்பவில்லை. குறைந்த சூட்டிலேயே கலந்து அனுப்புகிறோம். முன்கூட்டியே உங்களிடம் இதை விளக்கியிருக்க வேண்டும். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

வழக்கமான ஹாட் மிக்ஸை 150 முதல் 170 டிகிரி செல்சியஸ் சூட்டில் கலப்போம். அவ்வளவு சூடு தாரை இளக்குவதற்காகத்தான். (தார் என்று பழக்கத்தில் சொல்கிறோம், உண்மையில் இது பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பிட்டுமென்.) தார் இளகினால்தான் ஒவ்வொரு ஜல்லியையும் முழுதாகப் போர்த்தும், ரோலருக்கு அடங்கும். அதை வேறு வழியில் இளக்கிவிட்டால் 30 டிகிரி வரை குறைத்துக்கொள்ளலாம். 1990களின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் தொடங்கிய வார்ம் மிக்ஸ் முறையின் அடிப்படை இதுதான். வார்ம் என்றதும் இளஞ்சூடு என்று நினைத்துக் கையை வைத்துவிடாதீர்கள். 130 டிகிரியும் தோலை உரிக்கும்.

இளக்குவதற்குப் பல வழிகள் உண்டு. சூடான தாருக்குள் அதன் எடையில் 1 அல்லது 2 சதவீதம் தண்ணீரைப் பீய்ச்சினால், தண்ணீர் நொடியில் ஆவியாகித் தாரை நுரைக்க வைக்கும். நுரைத்த தார் மெல்லியதாகப் பரவும். இன்னொன்று மெழுகு. சுமார் 100 டிகிரியில் உருகித் தாரை இளக்கும். சாலை ஆறியதும் உள்ளேயே படிகமாகி அதை இறுக்கும். மூன்றாவது, சோப்பைப் போல வேலை செய்யும் ரசாயனச் சேர்மானம். தாரின் எடையில் அரை சதவீதம் அளவுக்குச் சேர்த்தால் போதும், தாருக்கும் கல்லுக்கும் இடையே உள்ள உராய்வு குறைந்து கலவை வழுக்கிக்கொண்டு அடங்கும். நாங்கள் எடுத்துக்கொண்டது இந்த மூன்றாவது வழி. தார் கல்லைவிட்டுப் பிரியாமல் பிடித்துவைக்கவும் இது உதவுகிறது.

ஜல்லியைச் சூடாக்கும் பர்னருக்கு எரிபொருள் குறைகிறது, கார்பன் வெளியீடும் குறைகிறது. ஆனால் எங்களுக்கு முதல் காரணம் அதுவல்ல. கலவையைச் சாலையில் பரப்பும் பேவர் இயந்திரத்துக்குப் பின்னால், அதைச் சமப்படுத்த ரேக் பிடித்து நிற்பவரைப் பாருங்கள். கலவையிலிருந்து எழும் புகை நேராக அவர் முகத்துக்குத்தான் போகும். மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டை எத்தனை முறை துவைத்தாலும் அந்த வாடை போகாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் வெளியிட்ட நூலில், சாலை போடும்போது எழும் பிட்டுமென் புகையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படுபவற்றின் வரிசையில், அதாவது 2பி பிரிவில் வைத்திருக்கிறது. சூடு குறையக் குறைய இந்தப் புகை வேகமாகக் குறைகிறது. புகை இல்லையே என்று நீங்கள் கவலைப்படும் அந்த லோடில்தான் எங்கள் ஆட்கள் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள்.

சாலைக்கும் லாபம் உண்டு. அதிகச் சூட்டில் தார் காற்றோடு சேர்ந்து சீக்கிரம் மூப்படையும்; மூத்த தார் பின்னாளில் விரிசல் விடும். குறைந்த சூட்டில் அந்த மூப்பு குறைவு. அதே காரணத்தால் கலவை தொடக்கத்தில் சற்று மென்மையாக இருக்கும். கனரக லாரிகள் ஓடும் இடமென்றால் சக்கரத்தை ஓட்டித் தடம் பள்ளமாகிறதா என்று பார்க்கும் சக்கரத்தடச் சோதனை செய்யாமல் நாங்கள் கலவை தருவதில்லை.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில், மழை விட்ட மறுநாளே, நனைந்த ஜல்லியைக் கொண்டு ஒரு வேலை செய்தோம். சூட்டைக் குறைத்தோம், கல்லின் உள்ளே இருந்த ஈரத்தை மறந்துவிட்டோம். சில வாரங்களில் மேற்பரப்பில் ஜல்லி பெயர ஆரம்பித்தது. அங்கிருந்து ஒரு கோர், அதாவது உருளை வடிவத் துண்டு, வெட்டி எடுத்துப் பிளந்து பார்த்தோம். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் கற்கள் சாம்பல் நிறத்தில் வெறுமையாகப் பல்லைக் காட்டின. அந்தப் பகுதி முழுவதையும் எங்கள் செலவிலேயே தோண்டி எடுத்து மறுபடி போட்டுக் கொடுத்தோம்.

அதன்பிறகுதான் கணக்குப் போட்டோம். ஒரு டன் ஜல்லியில் 1 சதவீத ஈரம் என்றால் 10 லிட்டர் தண்ணீர். அதை ஆவியாக்கச் செலவாகும் வெப்பமும், அதே ஒரு டன் ஜல்லியின் சூட்டை 30 டிகிரி ஏற்றத் தேவையான வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! சேர்மானத்தால் மிச்சப்படுத்துவதை ஒரு மழை தின்றுவிடும். இப்போது ஜல்லிக்கும் மணலுக்கும் கூரை போட்டிருக்கிறோம். தரையைத் தண்ணீர் வடியும்படி சாய்த்துப் போட்டிருக்கிறோம். தினமும் காலையில் ஈரம் பார்த்த பிறகே பர்னரைப் பற்றவைக்கிறோம். குவியலில் ஈரம் அதிகமாக இருந்தால் அன்று லோடு தாமதமாகும், சில நாள் வராமலும் போகும். அவசரமாக வேண்டும் என்று நீங்கள் கேட்டாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். லோடு வந்ததும் தார்ப்பாயை முழுதாக விலக்காமல், ஓரமாகத் தூக்கி, தெர்மாமீட்டரைக் கலவைக்குள் ஒரு சாண் ஆழம் செருகிப் பாருங்கள். 110 டிகிரிக்குக் கீழே காட்டினால் இறக்க வேண்டாம், வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்த லோடுக்குப் பணம் கேட்க மாட்டோம். தெர்மாமீட்டர் இல்லையென்றால் டிரைவரிடம் ஒன்று இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கலவை நிலையத்திலிருந்து