எந்தச் சிறுத்தை? புதிய ஆவணப்பட அலைவரிசையின் பொறுப்பாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஆவணப்படங்களுக்கென்றே தமிழில் ஓர் அலைவரிசையைத் தொடங்கி, சாதாரணக் கேபிள் இணைப்பு உள்ள வீடுகளுக்கும் அதைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறீர்கள். நான் வேதாரண்யத்தில் வசிப்பவன்; அரசுப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒளிபரப்பு தொடங்கிய நாளிலிருந்து என் பேத்தியுடனும், மாலையில் எங்கள் வீட்டுக்கு வரும் அக்கம்பக்கத்தாருடனும் உங்கள் நிகழ்ச்சிகளைப் பார்த்துவருகிறேன். நாங்கள் கூடிப் பேசியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டிஸ்கவரி 1995இலும் நேஷனல் ஜியாகிரபிக் 1998இலும் இந்தியாவுக்கு வந்தபோது, அவற்றை ஆங்கிலம் அறிந்தவர்களே முழுமையாகப் பின்தொடர முடிந்தது. ஒரே படத்துடன் பல மொழி ஒலித்தடங்களை அனுப்பும் முறை பின்னர் வந்தாலும், கேபிள் நிலையத்தார் எந்த ஒலித்தடத்தைத் தெரிவு செய்தார்களோ அதைத்தான் பல ஊர்களில் கேட்க முடிந்தது. அதனால் 2011 ஆகஸ்டில் டிஸ்கவரி தமிழுக்கெனத் தனி அலைவரிசை தொடங்கியபோதும், 2017 மார்ச்சில் சோனி பிபிசி எர்த் தமிழ் ஒலித்தடத்துடன் வந்தபோதும், எங்களைப் போன்றவர்கள் அடைந்த மகிழ்ச்சி உண்மையானது. இப்போது உங்கள் வரவிலும் அதே மகிழ்ச்சியே எங்களுக்கு. அந்த மகிழ்ச்சி குறையாமல்தான் ஒரு குறையைச் சொல்கிறேன்: நீங்கள் பேசும் தமிழுக்கு விலங்குகளின் பெயர் தெரியவில்லை.

அண்மையில் ஆப்பிரிக்கப் புல்வெளியைப் பற்றிய நிகழ்ச்சியொன்றில், ஓடிக் களைத்த விலங்கொன்று தான் வீழ்த்திய இளமானைத் தின்னத் தொடங்குமுன், அதைவிட வலிமையான வேறொன்று வந்து அந்த இரையைப் பறித்து மரத்தின்மேல் ஏற்றிவிட்டது. ‘சிறுத்தை கொன்ற இரையைச் சிறுத்தை கவர்ந்துகொண்டது’ என்றது விளக்கவுரை. என் பேத்தி திரும்பி, “எந்தச் சிறுத்தை, தாத்தா?” என்று கேட்டாள். முதலில் வந்தது சிவிங்கிப்புலி, ஆங்கிலத்தில் சீட்டா; அதன் கண்ணிலிருந்து வாயோரம்வரை கண்ணீர் வழிந்த தடம்போல ஒரு கருங்கோடு இறங்கும், உடலில் பொட்டுகள் தனித்தனியாக இருக்கும். பின்னர் வந்ததே சிறுத்தை. அதன் பொட்டுகள் இதழ்கள்போலக் கூடி வளையமிட்டிருக்கும். இவை வெவ்வேறு விலங்குகள் என்பதில்தான் அந்தக் காட்சியின் பொருளே அடங்கியிருக்கிறது. சிவிங்கிப்புலி அகராதியில் உறங்கும் சொல்லன்று. இந்தியாவில் அற்றுப்போனதாக 1952இல் அறிவிக்கப்பட்ட அவ்விலங்கு, 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு எண்ணிக்கையில் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு வந்திறங்கியபோது, தமிழ் நாளிதழ்களே அப்பெயரை எழுதின. நாளிதழ் படிப்பவருக்குத் தெரிந்த சொல் உங்கள் மொழிபெயர்ப்பு மேசைக்கு எட்டவில்லை என்பதுதான் வருத்தம்.

கடலுக்கு வந்தால் இடைவெளி இன்னும் பெரிது. முட்டையிடக் கரையேறும் ஆமைகளைக் காட்டிய நிகழ்ச்சியில் ‘ஆலிவ் ரிட்லி’ என்ற பெயரே கடைசிவரை ஒலித்துக்கொண்டிருந்தது. பக்கத்து மீனவ ஊரான ஆறுகாட்டுத்துறையில் படகு வைத்திருக்கும் நண்பர் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இது நம்ம பங்குனி ஆமைதானே சார்?” என்றார். சிக்கிய எத்தனையோ பங்குனி ஆமைகளை, வலையை அறுத்து விடுவித்த கை அவருடையது. தை தொடங்கிப் பங்குனிவரை எங்கள் கரையில் அவை முட்டையிடுவதும், அம்முட்டைகளை வனத்துறையினர் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுவதும் இங்கே ஆண்டுதோறும் நடப்பவை. தமக்கு நன்கு தெரிந்த உயிரைப் பற்றிய நிகழ்ச்சியை, தெரியாத ஊரின் செய்திபோல அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெயரை ஒருமுறை சொல்லியிருந்தால், அடுத்த அரைமணி நேரமும் அவர் எங்களுக்கு ஆசிரியராக இருந்திருப்பார். நான் வகுப்பில் சொன்ன எதையும்விட அது மாணவர்களுக்குப் பயன்பட்டிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

டால்பினுக்கு ஓங்கில் என்றும், ஃபிளமிங்கோவுக்குப் பூநாரை என்றும், பெலிகனுக்குக் கூழைக்கடா என்றும் எங்கள் கரையில் பெயருண்டு. பாக் நீரிணையில் கடற்பசுவை ஆவுளியா என்பார்கள். 2022இல் தமிழ்நாடு அரசு 448 சதுர கிலோமீட்டரில் பாதுகாப்பகம் அறிவித்தது அதற்காகத்தான். மலைப்பக்கம் போனால் வரையாடு, சோலைமந்தி, இருவாச்சி, செந்நாய், காட்டுமாடு என்று பெயர்கள் நீளும். உலகெங்கும் வழங்கும் பெயரை விலக்கச் சொல்லவில்லை. இரண்டையும் சொல்லுங்கள், திரையிலும் எழுதிக் காட்டுங்கள். நம் நாட்டில் இல்லாத உயிர்களுக்குப் புதுச்சொல் படைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. பெங்குவின் பெங்குவினாகவே இருக்கலாம்.

சொல்லைப் போலவே வாக்கியமும் கவனிக்கத் தக்கது. ‘இந்தப் பெண் சிங்கம் ஒரு கடினமான தேர்வை மேற்கொண்டாக வேண்டும்’ என்று தமிழர் எவரும் பேசுவதில்லை. ‘குட்டியைக் காப்பதா, இரையைத் துரத்துவதா என்று சிங்கம் தயங்குகிறது’ என்றால் திண்ணையிலிருக்கும் மூதாட்டிக்கும் விளங்கும். மைல், அடி, ஃபாரன்ஹீட் ஆகியவற்றைப் பள்ளிப் பிள்ளைகள் அறிந்த அளவுகளுக்கு மாற்றித் தருவதும் கடினமான வேலையன்று.

குரலைப் பற்றியும் சொல்லவேண்டும். வேடிக்கைப் பேச்சு கலந்த மொழிமாற்றம் சிறுவர்களை இத்தகைய நிகழ்ச்சிகளிடம் ஈர்த்தது என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் இறந்த கன்றின் அருகே தாய் யானை நிற்கும்போது யாரும் பேசவேண்டாம். மூலப்படத்தில் காற்றும் பறவையொலியும் மட்டும் கேட்கும் இடங்களை நீங்கள் சொற்களால் நிரப்புகிறீர்கள். ஒலிப்பதிவாளர் நாட்கணக்கில் காத்திருந்து சேர்த்த ஒலி அதனால் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதில்லை.

மொழிபெயர்த்தவர், குரல் கொடுத்தவர் ஆகியோரின் பெயர்களை நிகழ்ச்சியின் முடிவில் தமிழில் காட்டுங்கள். நன்றாகச் செய்தவரைப் பாராட்டவும், பிழை நேர்ந்தால் திருத்தம் அனுப்பவும் எங்களுக்கு ஒரு பெயர் தெரிந்திருக்க வேண்டாமா?

இறுதியாக, எங்கள் மண்ணிலேயே படமெடுங்கள். காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைப் பல நாடுகளுக்கும் பயணம் செய்து திரட்டி, 1940இல் தமிழ் விளக்கவுரையோடு முழுநீள ஆவணப்படமாக வெளியிட்டவர் ஏ. கே. செட்டியார். அங்கே தமிழ் மொழிமாற்றமாக வரவில்லை. முதல் மொழியாகவே இருந்தது. அத்தகைய தொடக்கம் உடைய மொழியில், பிறர் எடுத்தவற்றுக்குக் குரல் கொடுப்பதோடு ஓர் அலைவரிசை நின்றுவிடக் கூடாது. எங்கள் ஊரிலிருந்து சிறிது தொலைவில் கோடியக்கரைச் சரணாலயம் 1967 முதல் இருக்கிறது. வெளிமான்களும், காட்டில் திரியும் குதிரைகளும், வலசை வரும் நீர்ப்பறவைகளும் அங்கே உண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வழித்தடத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் இடம் அது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் கரையைக் கடந்தபோது அக்காட்டின் மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. மீண்டும் தழைத்தது எது, தழைக்காதது எது என்பதை நின்று நிதானமாகக் காட்டும் ஒரு தமிழ்ப்படத்துக்காக நாங்கள் காத்திருக்கிறோம்.

மார்கழியில் வந்தால் சதுப்பில் பூநாரைகளைக் காணலாம். மாசியில் வந்தால் இரவில் ஆமைத்தடம் தேடி எங்களோடு கரையில் நடக்கலாம். கேமராவோடு ஒரு குறிப்பேட்டையும் கொண்டுவாருங்கள். மீன்களின் பெயர்களைச் சொல்ல ஆறுகாட்டுத்துறை நண்பர் இசைந்திருக்கிறார்.

அன்புடன்,
வேதாரண்யத்திலிருந்து ஒரு பார்வையாளர்