மேல்வீட்டு அக்காவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

கை நடுக்கம் இன்னும் முழுசாக நிற்கவில்லை. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நடந்தது உங்களுக்குத் தெரியும், மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. 20 வருஷத்துக் கவிதைகளும் கோட்டோவியங்களும், மொத்தம் 17 நோட்டுகள் தண்ணீரில் நனைந்துபோயின. 14 பிழைத்துவிட்டன.

அன்று காலை ஈர நோட்டுகளைப் பிரித்து வெயிலில் போட ஆரம்பித்திருந்தேன். படியிறங்கி வந்த மேல்வீட்டு அக்கா, "பிரிக்காதேம்மா, கிழிஞ்சிடும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். ஈரத் தாளில் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடுமாம். உறைய வைத்துவிட்டால் அது அப்படியே நிற்கும், அப்புறம் நிதானமாக உலர்த்திக்கொள்ளலாம் என்றார். தன் வீட்டு ஃப்ரீசரைக் காலி செய்தார், ஐஸ் தட்டைக்கூட விடவில்லை. ஒவ்வொரு நோட்டையும் மூடியபடியே பட்டர் பேப்பரில் சுற்றி, தைத்த முதுகுப் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கினார்.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பக்கங்களுக்கு இடையே வெள்ளைத் தாள் வைத்து, அது ஈரமானதும் மாற்றி, மறுபடி மாற்றி, மூன்று வாரம். பென்சில் கோடுகள் அசையவே இல்லை. பால்பாயிண்ட் எழுத்தும் தாங்கியது. பவுண்டன் பேனாவில் எழுதிய 3 நோட்டுகள்தான் நீலக் கறையாகிவிட்டன.

வீட்டில் யார் கண்ணிலும் படக்கூடாது என்று புடவைகளுக்கு அடியில் வைத்து எழுதிய நோட்டுகள் அவை. அக்கா அத்தனை பக்கத்தையும் கையால் தொட்டார், ஒரு வரிகூடப் படிக்கவில்லை. "நீயா குடுத்தா படிக்கிறேன்" என்றார். இதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கவிஞர் சல்மா வீட்டாருக்குத் தெரியாமல் எழுதிய கவிதைகள் அவருடைய அம்மா மூலமாகத்தான் வெளியே போய் அச்சேறின. பெண்கள் எழுதியதும் வரைந்ததும் பேசியதும் தொலைந்துவிடக் கூடாது என்றுதான் எழுத்தாளர் அம்பையும் தோழிகளும் 1988இல் மும்பையில் ஸ்பாரோ ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார்கள். இதெல்லாம் முன்பே தெரிந்த செய்திதான். ஆனால் அந்த ஃப்ரீசர் கதவைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

கட்டுக்கட்டாகத் தாள் கொண்டுவந்த தோழிகள், என் கவிதை வந்த பழைய இதழ்களைத் தேடிப் படமெடுத்து அனுப்பியவர்கள், தன் தூரிகைகளையும் வண்ணங்களையும் பாதியாகப் பிரித்துக் கொடுத்த ஓவியர், ராத்திரி போன் செய்து "தூங்கினியா?" என்று மட்டும் கேட்டவர்கள், எல்லோருக்கும் என் நன்றி. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லாததற்கு மன்னியுங்கள்.

இனி எழுதி முடித்த ஒவ்வொரு நோட்டையும் படமெடுத்து, இன்னொரு வீட்டிலும் ஒரு பிரதி வைப்பேன். ஓவியத்தின் பின்னால் பென்சிலால் தேதி போடுவேன். புடவைக்கு அடியில் இனி எதையும் வைக்க மாட்டேன்.

உலர்ந்த முதல் நோட்டை நேற்று அக்கா கையில் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.