எங்கள் அம்மாக்களின் கையில் இருப்பதும் உங்கள் போன்தான்

மதிப்பிற்குரிய மலேசிய அலுவலக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. சுங்கை சிப்புட் கடைத்தெருவில் எந்தக் கைப்பேசிக் கடை வாசலில் நின்றாலும் முதலில் கண்ணில் படுவது உங்கள் பலகைதான். பழைய மாடல்களுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பை நிறுத்தியது பற்றித்தான் இந்த மடல் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

என் அக்கா தோட்டத்து முச்சந்தியில் காலை நேரத்தில் தோசையும் நாசி லெமாக்கும் விற்கிறார். செம்பனை வெட்டப் போகிறவர்கள் அவசர அவசரமாக டூயிட்நவ் கியூஆரை ஸ்கேன் செய்து காசு கட்டிவிட்டுப் போவார்கள். போன மாதம் ஒருநாள் விடியற்காலையில் அவருடைய வங்கிச் செயலி திறக்கவில்லை. இந்தப் போனின் மென்பொருள் பழையது, இனி செயலி இயங்காது என்று ஒரு வரி மட்டும் வந்தது. காசு வந்ததா என்று பார்க்க வழியில்லை. ஒவ்வொருவரும் தங்கள் போனைத் திருப்பிக் காட்டினார்கள். தோசை கருகிவிடும் என்ற பதற்றத்தில் அந்தச் சின்ன எழுத்தை எப்படிப் படிப்பது? முகத்தைப் பார்த்து "சரி தம்பி, போ" என்று அனுப்பினார். அன்றைக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு வரவில்லை என்பது வங்கிக்குப் போய்க் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

வங்கியைக் குறை சொல்ல மாட்டேன். மோசடிகள் பெருகியதால், குறுஞ்செய்தியில் அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்ணைக் கைவிடும்படி 2022இல் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளிடம் சொன்னது. பணம் அனுப்புவதற்கான ஒப்புதல் எல்லாம் ஒரே கைப்பேசியில் இருக்கும் வங்கிச் செயலிக்கு வந்துவிட்டது. அந்தக் கைப்பேசிக்குப் புதுப்பிப்பு தர வேண்டியவர்கள் நீங்கள். அக்காவின் போனில் கீறல் இல்லை, பேட்டரி நாள் முழுக்க நிற்கிறது. போன் கெடவில்லை, நீங்கள்தான் அதைக் கைவிட்டீர்கள். ஈப்போ சேவை மையத்தில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார்: பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்குங்கள், அக்கா. பழையதற்கு அவர் சொன்ன விலையைக் கேட்டதும் அக்கா ஒன்றும் பேசாமல் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

எங்கள் ஊர்களில் ஒரு போன் எப்படிப் புழங்குகிறது என்று உங்கள் விற்பனைக் கணக்கு காட்டாது. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் பிள்ளை வாங்குவான். அவன் அடுத்தது வாங்கும்போது பழையது அம்மாவுக்கு வரும், பிறகு சித்திக்கோ தம்பிக்கோ போகும். ஒரே சார்ஜர், பழகிப்போன திரை என்பதால் குடும்பமே உங்களிடம் நிற்கும். நீங்களோ முதலில் வாங்கியவனை மட்டும் எண்ணுகிறீர்கள். அம்மாவின் கையில் போன் செத்தால், அடுத்து என்ன வாங்குவது என்ற முடிவு அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மாறிவிடும். உங்களுக்கு ஒரு புகார்க் கடிதம்கூட வராது.

நோக்கியாவை நினைத்துப் பாருங்கள். 2007 வாக்கில் உலகில் விற்ற போன்களில் பத்துக்கு நான்கு அவர்களுடையது. எங்கள் தோட்டத்து லயன் வீடுகளில் அப்போது வேறு பெயரே இல்லை. தொடுதிரைக் காலத்தில் தடுமாறி, 2011 பிப்ரவரியில் சிம்பியன் என்ற தங்கள் இயங்குதளத்தை விட்டு மைக்ரோசாப்டின் விண்டோஸ் போன் இயங்குதளத்துக்கு மாறினார்கள். அப்போதும் விசுவாசமாக அவர்களுடைய புதிய லூமியா போன்களை வாங்கியவர்களுக்கு 2012 ஜூனில் கிடைத்த செய்தி: உங்கள் போனுக்கு விண்டோஸ் போன் 8 கிடையாது. 2013 செப்டம்பரில் கைப்பேசித் தொழிலையே மைக்ரோசாப்டுக்கு விற்பதாக அறிவித்தார்கள். அந்தச் சரிவுக்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆனால் கடைசிவரை கூடவே வந்தவர்களை நடுவழியில் விட்டது, என்னைப் பொறுத்தவரை, மன்னிக்க முடியாத காரணம்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை இதுதான். ஒரு மாடலின் விற்பனை நிற்கும் நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு தாருங்கள். முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சந்தைக்கு வரும் போன்களுக்கு இதுதான் சட்டம். முக்கிய உதிரி பாகங்கள் ஏழு ஆண்டுகள் கிடைக்க வேண்டும் என்றும் அங்கே விதி இருக்கிறது. அங்கே விற்கும் அதே பெயரைத்தானே இங்கேயும் விற்கிறீர்கள்? எங்கள் வெள்ளி (ரிங்கிட்) மட்டும் இளப்பமா?

2021 முடிவில் 3ஜி அலைபேசிச் சேவையை நிறுத்தினார்கள், புதுப் போன் வாங்கினோம். பெருந்தொற்றில் பிள்ளைகளின் பாடம் போனுக்கு வந்தது, கடன் வாங்கி வாங்கினோம். கடைக்குள் நுழைய அரசின் மைசெஜாத்ரா செயலியைக் கேட்டார்கள், அதையும் போட்டுக்கொண்டோம். தோட்டத்துச் சம்பளத்தில் இருக்கிறவன்தான் ஒவ்வொரு தடவையும் பையைத் தடவ வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் நீங்கள் செய்யவில்லை, தெரியும். ஆத்திரத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து ஆண்டுகள், அதுவும் விற்பனை நின்ற நாளிலிருந்து. எந்தத் தேதிவரை புதுப்பிப்பு உண்டு என்பதைப் பெட்டியின் மேலேயே தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் நான்கிலும் அச்சிடுங்கள். அக்காவின் மாடலுக்கு இன்னும் ஒரு புதுப்பிப்பு தர முடியுமா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். ஐந்து வெள்ளி கட்டினால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போடலாம் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு முன் உங்களிடமே கேட்பதுதான் முறை என்று எழுதுகிறேன். தயவுசெய்து பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்