தம்பிக்கு உளி பிடிக்கக் கற்றுத் தந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து அம்மா, அப்பா சார்பாகவும் சேர்த்து எழுதுகிறேன். தம்பிக்கு இந்த வருடம் அரசு ஐடிஐயில் மரவேலைப் பிரிவில் இடம் கிடைத்துவிட்டது. நேரில் நன்றி சொல்லியும் மனசு ஆறவில்லை, அதனால் நாலு பேர் பார்க்கும்படி இங்கே சொல்கிறேன்.

முதலில் பள்ளியின் தொழிற்கல்வி சாருக்கு. பகுதிநேர ஆசிரியர் என்று பெயர், ஆனால் சாயங்காலம் பஸ் வரும்வரை அந்தப் பழைய ஸ்டோர் ரூமில்தான் இருப்பீர்கள். மரவேலை என்றால் மார்க் வராத பிள்ளைகளை ஒதுக்கி உட்காரவைக்கும் இடம் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். நீங்கள் அப்படி நடத்தவே இல்லை சார். கணக்கில் முதலாவதாக வரும் பெண்ணும் என் தம்பியும் ஒரே மேசையில் நின்று இழைத்தார்கள், மூலைமட்டம் வைத்துக் கோடு போடுவதில் அவள் இவனிடம் கேட்டாள். ஒன்பதாவது படிக்கிற பையனுக்கு அது என்ன தெம்பு கொடுத்தது என்பதை வீட்டில் பார்த்தவர்கள் நாங்கள்.

அப்புறம் ஆசாரி ஐயா. முட்டி வலியோடு அந்த மேட்டை ஏறி வந்து, காசு ஒன்றும் வாங்காமல் சொல்லிக் கொடுத்தீர்கள். எடுத்த உடனே நாற்காலி செய்ய விடாமல் முதலில் உளி தீட்டத்தான் விட்டீர்கள், மழுங்கின உளியை பலம் கொடுத்து அழுத்தும்போதுதான் அது வழுக்கிக் கையில் இறங்கும் என்று. மரம் காய்கிற கணக்கையும் நீங்கள்தான் சொன்னீர்கள். ஒரு அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஒரு வருடம் என்பது பொதுவாகச் சொல்வது, நம் ஊர்ப் பனிக்கு அவசரமே படக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகை அகலவாக்கில் ஊதும், பங்குனி வெயிலில் சுருங்கும், நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, அதனால் மேசையின் மேல்பலகையைச் சட்டத்தோடு இறுக்கி அடித்துவிட்டால் என்றாவது பிளந்துவிடும், அது அசையக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் பூட்ட வேண்டும். தம்பி இதை அம்மாவுக்குப் பாடமே எடுத்தான்.

மரம் அறுக்கும் மில் அண்ணனுக்கும் பெரிய நன்றி. 1955ஆம் வருடத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி நம் தோட்டத்து மரத்தையே அனுமதி இல்லாமல் வெட்ட முடியாத இடம் இது. அனுமதியோடு வெட்டி வந்த சில்வர் ஓக்கில் மிஞ்சிய துண்டுகளை விறகுக்கு விற்காமல் பிள்ளைகளுக்கென்று எடுத்து வைத்தீர்கள். அந்த மரத்தை நடுவிலிருந்து பட்டையை நோக்கிய வாக்கில் அறுத்தால் மீன் செதில் மாதிரி ஒரு மினுமினுப்பு தெரியும், எவ்வளவு அழகு! அதன் தூள் சிலருக்கு அரிப்பு கொடுக்கும் என்று சொல்லி முழுக்கைச் சட்டை போடவைத்ததும் நீங்கள்தான். அங்கன்வாடிக்குப் போன குட்டி பெஞ்சுகள் எல்லாம் அந்தத் துண்டுகளில் செய்தவை.

தலைமையாசிரியை டீச்சர், உங்களை மறக்கவே முடியாது. பத்தாவது முடிந்ததும் திருப்பூருக்கு பனியன் வேலைக்கு அனுப்புவதாக அப்பா முடிவே செய்திருந்தார். நீங்கள் திட்டவில்லை, அப்பாவை உட்காரவைத்து விவரம் சொன்னீர்கள். ஐடிஐயில் இந்தப் பிரிவுக்கு எட்டாவது தேர்ச்சியே போதும், ஆனாலும் பத்தாவதை முடிக்கட்டும். படிப்பு ஒரு வருடம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. முடித்தபின் 1961ஆம் வருடத்துத் தொழில் பழகுநர் சட்டப்படி கம்பெனியில் உதவித்தொகையோடு பழகலாம். இதையெல்லாம் எங்களுக்கு அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. பையனுக்குக் கையில் வேலை ஏற்கெனவே வந்திருந்ததால்தான் அப்பாவும் சரி என்றார். பள்ளியிலேயே தொட்டுப் பார்க்காமல் பதினாறு வயதில் திடீரென்று இதைச் சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் யாரும் காது கொடுத்திருக்க மாட்டோம்.

இப்போது எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகள் நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள், பலகையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்தான் பத்தவில்லை என்று சார் சொன்னார். எங்கள் பங்குக்கு வாங்கி வைத்திருக்கிறோம், திங்கட்கிழமை அம்மா கொண்டுவந்து தருவார்.