புனர்பூசத்தைச் சுற்றும் கோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கொழிஞ்சாம்பாறைக்கு உங்கள் கோவைப் பதிப்புதான் வருகிறது. எல்லைக்கு இந்தக் கேரளப் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடநூலைத் தாண்டித் தமிழில் அறிவியல் கிடைப்பது பெரும்பாலும் அதில்தான். அதனால்தான் ஞாயிறு இணைப்பில் போலக்ஸ் விண்மீனின் கோளைப் பற்றிய கட்டுரையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

போலக்ஸ் எது என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அது நம் புனர்பூசம், ஐயா! அருகருகே தெரியும் இரட்டையில் கூடுதல் ஒளியும் செம்மஞ்சள் சாயலும் கொண்டது. பக்கத்து வகுப்பு மலையாளப் பிள்ளைகளுக்கு அது புணர்தம். "உன் ஜென்ம நட்சத்திரத்தை ஒரு கோள் சுற்றுகிறது" என்று நான் சொன்ன நாளில், ஒரு சிறுமி இடைவேளைக்குக்கூட எழுந்து போகாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வியாழனைவிட இரண்டு மடங்கு பெரியது" என்று எழுதியிருப்பதும் தவறு. 2006இல் அறிவிக்கப்பட்ட கணக்கின்படி அதன் நிறைதான் வியாழனைப் போல் குறைந்தது 2.3 மடங்கு. நிறை கூடினால் உருவமும் அதே அளவு கூடிவிடாது. பஞ்சு மூட்டையில் மேலும் மேலும் மிதித்துத் திணிப்பதுபோல, இத்தகைய வாயுக்கோளில் பொருள் சேரச் சேர அதன் சொந்த ஈர்ப்பே அதை இறுக்கிவிடும். அதனால் பருமனில் வியாழனை ஒட்டியே இருக்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

அந்தக் கோளை யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். பேரனின் கைகளைப் பிடித்துச் சுற்றும் தாத்தா தாமும் சற்றே தள்ளாடுவார் அல்லவா? சூரியனைப் போல் சுமார் 9 மடங்கு ஆரம் கொண்ட அந்த ராட்சத விண்மீனும் அப்படித்தான் தள்ளாடுகிறது. நம்மை நோக்கியும் விலகியும் அது அசையும் வேகம் நொடிக்குச் சுமார் 45 மீட்டர். விண்மீன் ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும்போது தெரியும் கருங்கோடுகள் (நிறமாலைக் கோடுகள்) மிக மிக மெல்ல இடம்பெயர்வதை அளந்து, சுமார் 590 நாளுக்கு ஒரு முறை அந்த அசைவு திரும்ப வருவதைக் கண்டுபிடித்தார்கள். எவ்வளவு பொறுமை வேண்டும்! பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது இந்தப் பொறுமையைத்தான் என்பேன்.

புனர்பூசம் இருப்பது சுமார் 34 ஒளியாண்டுத் தொலைவில். நான் ஆசிரியையாகப் பணியில் சேர்ந்த ஆண்டில் அங்கிருந்து கிளம்பிய ஒளி, ஓய்வுபெற்ற பிறகு இப்போது என் வீட்டு மொட்டைமாடிக்கு வந்து சேர்கிறது.

அடுத்த முறை விண்மீன் பெயரோடு அதன் நட்சத்திரப் பெயரையும், அது எந்த மாதம் எந்தத் திசையில் தெரியும் என்பதையும் அச்சிடுங்கள். மாசி மாதம் இரவு ஒன்பது மணிக்குப் புனர்பூசம் எங்கள் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். அதற்குள் அந்தக் கட்டுரையின் திருத்தமும் வந்துவிட்டால், தாளைக் கையில் பிடித்தபடியே பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.