உறைபனிப் படத்தின் கீழே ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உதகையை அடுத்த தலைகுந்தாவில் புல்வெளி முழுவதும் உறைபனி படர்ந்து வெளுத்திருக்கும் படத்தைத் தங்கள் நாளிதழ் இந்த டிசம்பரிலும் வெளியிட்டிருந்தது. அதையடுத்து, அரையாண்டு விடுமுறைக்கு உதகையில் விடுதிகள் நிரம்பிவருவதும், இ-பாஸ் பதிவு செய்துகொண்டு மலையேறுமாறு பயணிகளுக்கு விடுக்கப்பட்ட வேண்டுகோளும் இடம்பெற்றிருந்தன. வருகிறவர்களுக்கு வேண்டிய செய்திகள்தாம். அவற்றில் குறை காணவில்லை. ஆனால் ஊரே களைகட்டும் இந்த நாட்களில், இங்கேயே குடியிருப்பவர்கள் சிலருக்கு மனம் எவ்வளவு தாழ்ந்துபோகிறது என்பதை, அதற்குள் ஒருமுறை அகப்பட்டு மீண்டவன் என்ற முறையில் எழுத விரும்புகிறேன்.

நான் கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நவம்பரில் என் மனைவி காலமானார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை; அவர்கள் ஊர் திரும்பிய பிறகு வந்த கிறிஸ்துமஸ்தான் என்னை உருக்குலைத்தது. எங்கள் சபையின் கேரல்ஸ் குழு, துக்க வீடு என்ற மரியாதையில், பாட்டை நிறுத்திக்கொண்டு எங்கள் வாசலை அமைதியாகக் கடந்து சென்றது. அந்த மரியாதை வலித்த அளவுக்கு வேறெதுவும் எனக்கு வலிக்கவில்லை. பொங்கல் வரை நான் சரியாக உறங்கவில்லை, செய்தித்தாளைக்கூடப் பிரித்துப் படிக்கவில்லை. நெருங்கிய உறவினர் ஒருவரிடம் சொன்னபோது, 'வயதானால் அப்படித்தான், ஜெபம் பண்ணுங்கள்' என்றார். ஜெபமும் பண்ணினேன், உறக்கம் வரவில்லை.

இதற்குக் குளிரும் மூடுபனியுமே காரணம் என்று இங்கே பலரும் சொல்வதுண்டு. குளிர்காலத்தில் வெயில் குறைவதால் வரும் ஒருவகை மனச்சோர்வை 1984-இல் அமெரிக்க மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும் விவரித்தது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் பகல் எட்டு, ஒன்பது மணி நேரமாகச் சுருங்கிவிடும் வடதேசங்களின் சங்கதி. நீலகிரி இருப்பது ஏறத்தாழ பதினொன்றரை பாகை வட அட்சரேகையில். ஆண்டின் மிகக் குறுகிய பகலே இங்கு சுமார் பதினொன்றரை மணி நேரம் இருக்கிறது. ஆகவே பழி முழுவதையும் சூரியன்மீது போட்டுவிட முடியாது. (காலை பத்து மணிக்கு மேல் வாசலில் உட்கார்ந்து வெயில் காய்வது நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை, நானும் தவறாமல் காய்கிறேன்.)

என்னை வாட்டியது ஓர் எண்ணம். கனடாவில் டொராண்டோவில் இருக்கும் மகன் கிறிஸ்துமஸ் இரவில் அழைக்கவில்லை. எனவே நான் அவனுக்குச் சுமையாகிவிட்டேன் என்று முடிவு கட்டினேன். கடைசியில் மகளின் வற்புறுத்தலால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்றேன். அங்கிருந்த ஆலோசகர் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னார். இடப்பக்கத்தில் மனத்தில் தோன்றுவதை அப்படியே எழுத வேண்டும்; வலப்பக்கத்தில் அதற்கு ஆதரவாக என்ன சான்று இருக்கிறது, எதிராக என்ன சான்று இருக்கிறது என்று எழுத வேண்டும். 1960-களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் வகுத்த சிகிச்சை முறையிலிருந்து வந்த பயிற்சி இது என்றும், தானாக முளைக்கும் எண்ணங்களை நாம் விசாரிக்காமலே தீர்ப்பாக ஏற்றுக்கொள்கிறோம் என்றும் விளக்கினார். முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் 'தரவு', 'நிறுவ வேண்டியது' என்று எழுதிப்போட்டுவிட்டு, நிரூபணம் இல்லாத விடைக்கு ஒரு மதிப்பெண்கூடத் தராத நான், என் விஷயத்தில் நிரூபணமே கேட்காமல் விடையை ஏற்றிருக்கிறேன். வலப்பக்கத்தில் எழுத உட்கார்ந்தபோது கிடைத்தவை இவை: டொராண்டோ நேரம் குளிர்காலத்தில் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்தங்கியது, நான் இரவு எட்டு மணிக்கு அழைப்பை எதிர்பார்த்துக் காத்திருந்தபோது அங்கே காலை ஒன்பதரை, அவன் அன்று வேலையில் இருந்தான், அந்த வாரத்தில் அதற்கு முன் நான்கு முறை அழைத்திருந்தான். எண்ணம் உடனே ஓடிவிடவில்லை. ஆனால் 'சுமையாகிவிட்டேன்' என்பது 'இன்று அவன் குரலைக் கேட்காதது வருத்தமாக இருக்கிறது' என்று சுருங்கியது. அந்த வருத்தத்தோடு உறங்க முடிந்தது.

இந்த நோட்டுப் புத்தகம் எல்லோருக்கும் மருந்தாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகி, பச்சைத் தேயிலை வரத்து குறையும் மாதங்களும் பண்டிகை மாதங்களும் இங்கே ஒன்றாகவே வருகின்றன. வேலை நாட்கள் குறைந்த தோட்டத் தொழிலாளி ஒருவர், 'பிள்ளைகளுக்குப் புதுத் துணி எடுக்க வழியில்லை' என்று மருகினால், அது திரிந்த எண்ணமன்று, உண்மை நிலவரம். அவரிடம் சான்று கேட்பது குரூரம். கடன் வாங்கியாவது சீர் செய்தாக வேண்டும், விருந்து வைத்தாக வேண்டும் என்ற நெருக்கடியை உறவினர்கள் தளர்த்துவதுதான் அங்கே உதவும். சுற்றுலா வாகனம் ஓட்டுகிறவர்களுக்கும் விடுதிகளில் வேலை செய்கிறவர்களுக்கும் வேறொரு துன்பம்: ஊருக்கெல்லாம் விடுமுறை என்றால் அவர்களுக்கு ஓய்வே இல்லை. எங்கள் தெருவில் உள்ள ஓர் ஓட்டுநரின் குடும்பம் பண்டிகைச் சாப்பாட்டை ஜனவரியில் கூட்டம் குறைந்த ஒரு செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக்கொண்டது. அன்று பிரியாணி வாசனை எங்கள் வீடு வரை வந்தது, தட்டும் வந்தது.

மனம் சரியில்லாதபோது குடியை நாடுவது இம்மலையில் புதிதல்ல. குளிருக்கு இதம் என்று தொடங்குவது உறக்கத்தைக் கெடுத்து, மறுநாள் சோர்வை இரட்டிப்பாக்குகிறது. இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; வீட்டுக்கு வீடு தெரியும்.

இரண்டு வாரங்களுக்கு மேலாக மனம் தாழ்ந்தே இருந்தாலும், உறக்கமும் பசியும் கெட்டாலும், எதிலும் நாட்டம் இல்லாமல் போனாலும், நோட்டுப் புத்தகத்தோடு நிறுத்திவிடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்து எழுதிக் கொடுத்தால் அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்பதை நோயாளிக்கும் வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் மஞ்சூர்ப் பக்கத்திலிருந்து உதகைக்குப் பேருந்தில் வந்து திரும்புகிறவருக்கு ஒரு நாள் கூலி போய்விடுகிறது. மாவட்ட மனநலத் திட்டக் குழுவினர் டிசம்பர் தொடங்கும் முன்பே குந்தா, கூடலூர், பந்தலூர் பகுதிகளில் கூடுதல் முகாம்களை நடத்தினால் பெரும் உதவியாக இருக்கும். அதுவரை, 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். எனக்கு இந்த எண் தெரியவந்தது, அது மிகவும் தேவைப்பட்ட அந்தக் குளிர்காலம் கழிந்த பிறகுதான்.

சபைகளுக்கும், ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஒன்றுகூடும் ஹட்டிகளின் (படுகர் ஊர்களின்) பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: அந்த ஆண்டில் இழப்பு நேர்ந்த வீட்டை மரியாதை கருதித் தாண்டிப் போகாதீர்கள், பாட வேண்டாம், ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

தங்களிடம் கேட்பது சிறிய இடம்தான். உறைபனிப் படங்கள் இன்னும் பல வாரங்களுக்கு வரும். ஒவ்வொரு படத்தின் கீழும், வெப்பநிலையைப் போடும் வரிக்கு அடுத்த வரியில், அந்த ஐந்து இலக்கங்களையும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.